மரத்தை அறியாமல் கிளையைத் திருத்தாதீர்!



"எஸ்கியூஎல் மொழியில் அப்டேட் கட்டளை ஒரே வரிதான், மனனம் செய்தால் தேர்வுக்குப் போதும்" என்னும் பேச்சு நம்மிடையே உலவுகின்றது. இதனை வன்மையாக மறுக்கின்றேன். தரவின் அமைப்பை அறியாதவர் கையில் அந்த ஒரு வரி, பிறருடைய பதிவுகளைக் கெடுக்கும் கருவியாகும்.

ஐபிஎம் நிறுவனத்தின் ஐஎம்எஸ் என்னும் படிநிலைத் தரவுத்தளத்தையே காண்க. அப்போலோ நிலவுத் திட்டத்தின் பாகங்களைக் கணக்கில் வைக்க 1966-இல் உருவாக்கத் தொடங்கிய இஃது, இன்றும் வங்கிகளில் இயங்குகின்றது. இதில் பதிவுகள் மரம்போல் அமையும். மேலுள்ளது பெற்றோர்ப் பதிவு. கீழுள்ளவை பிள்ளைப் பதிவுகள். பிற்காலத்தில் இதனை எஸ்கியூஎல் வழியாகவும் திருத்த வழி பிறந்தது. கட்டளை புதிது, மரமோ பழையது.

காட்டாக, பள்ளி, வகுப்பு, மாணவர் என மூன்று படிகள் உள்ளதாகக் கொள்வோம். மாணவரின் வரிசை எண் வகுப்புதோறும் ஒன்றிலிருந்து தொடங்குகின்றது. 'வரிசை எண் 7 உடையவரின் மதிப்பெண்ணை 85 ஆக்குக' என்று மட்டும் எழுதினால் என்னாகும்? எல்லாப் பள்ளிகளிலும் எல்லா வகுப்புகளிலும் உள்ள ஏழாம் எண் மாணவர் அனைவரும் 85 பெறுவர்! கணினி தடுக்காது, பணிவோடு செய்து முடிக்கும். நிபந்தனையில் பள்ளியையும் வகுப்பையும் சேர்த்துக் குறித்தால்தான் உரிய ஒருவரைச் சென்றடையும்.

மேலும், மதிப்பெண்ணைத் திருத்தும் அப்டேட், மாணவரை வேறு வகுப்பிற்கு மாற்ற உதவாது. ஐஎம்எஸ்ஸில் பெற்றோரைக் குறிக்கும் திறவை இருந்த இடத்திலேயே மாற்ற இயலாது. புதிய வகுப்பின்கீழ்ப் பதிவைச் சேர்த்து, அதன் பிள்ளைப் பதிவுகளையும் படியெடுத்த பின்னரே பழையதை நீக்க வேண்டும். முதலில் நீக்கிவிட்டால், அம்மாணவரின் வருகைப் பதிவும் தேர்வுப் பதிவும் கூடவே மறையும்.

"இந்தப் பழைய தரவுத்தளம் நம் பிள்ளைகளுக்கு எதற்கு?" என்பாரும் உளர். கணினியின் கோப்புறைகளும் எக்ஸ்எம்எல் கோப்புகளும் மரங்களே அல்லவா? அட்டவணைகளால் ஆன தரவுத்தளத்திலும் நிபந்தனை குறைந்தால் இதே கேடுதான்.

ஆகவே, ஆசிரியர்களே, கட்டளைக்கு முன் மரத்தை வரையச் சொல்லுங்கள். அதே நிபந்தனையுடன் முதலில் செலக்ட் இட்டு, எத்தனை பதிவுகள் வருகின்றன என எண்ணச் சொல்லுங்கள். ஒன்று வரவேண்டிய இடத்தில் நாற்பது வந்தால், கை தானே நின்றுவிடும்.

பெற்றோர்களே, எத்தனை மதிப்பெண் என்று மட்டும் கேளாதீர். அந்த நிபந்தனை எதற்கு என்றும் கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்த பிள்ளையே கற்ற பிள்ளை.