குபட்டாவோ: கடந்து போகக்கூடாத ஊர்

பிரேசிலின் சாவோ பாவுலோ நகரிலிருந்து சாண்டோஸ் கடற்கரைக்கு இறங்குவோர் வழியில் குபட்டாவோவைக் காண்பர். ஆனால் பெரும்பாலோர் அங்கே நிற்பதில்லை. மலையடிவாரத்தில் புகைபோக்கிகள் தென்பட்டவுடன் வண்டியின் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடலை நினைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பயணியர் இவ்வூரில் ஒரு நாளேனும் தங்கவேண்டும் என்பது என் கருத்து.

குறிஞ்சியும் நெய்தலும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் நிலம் இது. செர்ரா தோ மார் மலைத்தொடர் சுமார் 700 மீட்டர் உயரத்திற்குச் சுவர்போல் எழ, அதன் காலடியில் அலையாத்திக் காடுகள் விரிகின்றன. 1792இல் கல் பாவி அமைக்கப்பட்ட லொரெனா பாதை மலைமீது வளைந்து வளைந்து ஏறுகிறது. 1822 செப்டம்பர் 7 அன்று இளவரசர் பேத்ரோ சாண்டோஸிலிருந்து இவ்வழியே ஏறிச் சென்றுதான் பிரேசிலின் விடுதலையை அறிவித்தார். அப்பாதையின் சில பகுதிகளில் நாமும் நடக்கலாம்.

1955இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வந்தது. எஃகு, உரம், வேதிப்பொருள் ஆலைகள் தொடர்ந்தன. துறைமுகமும் நீர்மின்சாரமும் அருகிலிருந்தமை ஆலைகளுக்கு வாய்ப்பாயிற்று. புகை வெளியேற முடியாமல் மலை மறித்தது மக்களுக்குக் கேடாயிற்று. 1980களில் உலகம் இவ்வூரை ‘மரணப் பள்ளத்தாக்கு’ என்றழைத்தது. மலைச்சரிவில் மரங்கள் பட்டுப்போயின, மண் சரிந்தது. 1984 பிப்ரவரியில், சதுப்பின்மீது கால்நட்டு எழுப்பிய விலா சொக்கோ குடிசைகளின் அடியே சென்ற குழாயிலிருந்து பெட்ரோல் கசிந்து தீப்பற்றியது. அரசின் கணக்கில் இறந்தோர் 93 பேர். குடும்பம் குடும்பமாகச் சாம்பலானோர் அக்கணக்கில் சேரவில்லை என்போர் உண்டு. அதே ஆண்டு டிசம்பரில்தான் நம் போபாலும் நிகழ்ந்தது.

சதுப்பில் அற்றுப்போயிருந்த குவாரா என்னும் செந்நிற அரிவாள்மூக்கன் அந்த 1980களிலேயே மீண்டும் தென்படலாயிற்று. மங்கிய நிறத்துடன் வளர்ந்து, நண்டுகளை உண்டு சிவக்கும் பறவை அது. இன்று அதுவே இவ்வூரின் மீட்சிக்கு அடையாளம். பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் அப்பறவை திரும்பி வந்ததற்கு ஆலைகளின் கருணை காரணமன்று. இராணுவ ஆட்சி இவ்வூரைத் தேசப் பாதுகாப்புப் பகுதி என்று அறிவித்து, நகரத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையே மக்களிடமிருந்து பறித்திருந்தது. 1982இல் மாநில ஆளுநரை மக்களே தேர்ந்தெடுத்த பின்னர்தான், 1983இல் மாசுக் கட்டுப்பாடு முறையாகத் தொடங்கியது. வாக்குச்சீட்டு வந்தது, வடிகட்டி வந்தது, அதன்பின்னரே காற்று தெளியத் தொடங்கியது. இந்த வரிசையைச் சொல்லாமல் பறவையை மட்டும் காட்டுவது பாதி வரலாறே ஆகும்.

ஆகவே காலையில் கற்பாதையில் நடங்கள். மாலையில் அலையாத்திக் காட்டில் குவாராவைத் தேடுங்கள். இடையே, விலா சொக்கோ இருந்த இடத்திற்கும் செல்லுங்கள். இன்று அதன் பெயர் விலா சாவோ ஜொசே. பெயர் மாறிய அந்த மண்ணில் சற்றுநேரம் நின்றுவிட்டுக் கடலுக்குப் போகலாம்.