‘கரண்ட்’ டெஸ்டுக்கு முன்னால் ஒரு அரைப்பக்கம்

“கரண்ட் வைப்பாங்களாம், ஊசி குத்துவாங்களாம்” என்று யாராவது சொன்னால் போதும், நரம்புப் பரிசோதனைக்குத் தேதி வாங்கியவருக்கு அன்றிரவு தூக்கம் போய்விடும். கை மரத்துப்போகிறது, பாதம் எரிகிறது, தசை இளைக்கிறது என்று சித்தூர் வட்டாரத்திலிருந்து புறப்படுகிறவர்கள் திருப்பதியில் தேவஸ்தானம் நிறுவிய ஸ்விம்ஸுக்கோ, எல்லை தாண்டி வேலூர் சி.எம்.சி.க்கோ போகிறார்கள். இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது அந்த வேலூரில்தான். இவ்வளவு பக்கத்தில் மருத்துவம் இருக்கும்போது, பயத்தால் தேதியைத் தள்ளிப்போடுவது வேதனை.

பரிசோதனையில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலில் தோலின் மேல் மின்முனைகளை ஒட்டிச் சிறு மின்துடிப்பு தருவார்கள். சுரீரென்று இருக்கும், விரல் தானாகத் துள்ளும், அவ்வளவுதான். நரம்பில் செய்தி ஓடும் வேகத்தைக் கருவி அளக்கிறது. ஆரோக்கியமான கையில் அது பொதுவாக நொடிக்கு 50 மீட்டருக்கு மேல் இருக்கும். கை குளிர்ந்தால், ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 2 மீட்டர் குறையும். ஏசி அறையில் சில்லிட்ட கை, நோயில்லாத நரம்பையும் நோயுள்ளதாகக் காட்டக்கூடும். கையைச் சூடாக்கச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

இரண்டாவது, ஈ.எம்.ஜி. மெல்லிய ஊசியைத் தசைக்குள் செருகுவார்கள். அதில் மருந்தும் ஏறாது, கரண்டும் பாயாது. தசையின் மின்னோட்டத்தை அது கேட்கிறது, ஒலிபெருக்கியில் சடசடவென்று சத்தம் வரும்.

எண்ணெயும் கிரீமும் தடவாமல் போக வேண்டும். பட்டினி வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டே போகலாம். பேஸ்மேக்கர் இருந்தாலும், ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை எடுத்தாலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று வந்ததும் வீட்டார், “எல்லாம் மனப்பிரமை” என்பது பெரும் அநியாயம். எரிச்சலையும் வலியையும் கடத்தும் மெல்லிய நரம்பிழைகள் இந்தப் பரிசோதனையில் சிக்குவதில்லை. 2025 தொடக்கத்தில் புனேயில் பலரின் நரம்புகளைத் தாக்கிய கில்லன் பாரே நோயிலும் முதல் சில நாட்களில் முடிவு இயல்பாகவே வரலாம். நரம்பு அறுபட்டால், அதன் அடையாளம் ஊசியில் முழுமையாகத் தெரிய மூன்று வாரங்கள்கூட ஆகும். மறுபடி செய்யச் சொல்வது பணம் பறிக்க அல்ல.

குப்பத்திலும் நகரியிலும் தமிழ் பேசுவோர் ஏராளம். நரம்புப் பரிசோதனை நடக்கும் இவ்வட்டார மருத்துவமனைகள் எல்லாம், தேதிச் சீட்டோடு தெலுங்கிலும் தமிழிலும் ஒரு அரைப்பக்க விளக்கத்தைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், நோயாளிகளே கேட்டு வாங்குங்கள்.