படச்சுருள் கேமரா மோகம்: வாங்கும் முன் கொஞ்சம் கணக்குப் போடுங்கள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் சமூக ஊடகங்களில் ஒரு வகைப் படங்கள் அதிகமாகக் கண்ணில் படுகின்றன. நிறம் சற்று மங்கியிருக்கும். ஓரத்தில் வெளிச்சம் கசிந்திருக்கும். அம்மா அப்பா திருமண ஆல்பத்தில் இருக்கும் படங்களைப் போன்ற தோற்றம். இவற்றில் பல, கைப்பேசிச் செயலியின் வேலை. சில, உண்மையிலேயே படச்சுருளில் எடுக்கப்பட்டவை.

"எனக்கும் அப்படியொரு சிறிய கேமரா வேண்டும், பயணத்துக்குக் கொண்டுபோக வேண்டும்" என்ற ஆசை பல மாணவர்களுக்கு வந்திருக்கிறது. ஆசையில் தவறில்லை. ஆனால், எஸ்.பி.எம். முடித்துப் பகுதி நேர வேலையில் சேர்த்த பணமோ, பல்கலைக்கழகக் கடனுதவியில் மிச்சம் பிடித்த பணமோ, ஒரு பழுதான கேமராவில் போய் முடங்கிவிடக்கூடாது. பெக்கான் நானாஸ் போன்ற சிறு பட்டணத்தில் இருந்துகொண்டு, கைக்கு அடக்கமான ஒரு படச்சுருள் கேமராவை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்போம்.

செத்துப்போனதாகச் சொன்ன தொழில்

அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கொடாக் நிறுவனம் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் சென்றது. படச்சுருளின் கதை முடிந்தது என்று அன்று பலரும் நினைத்தார்கள். ஆனால் 2024 நவம்பரில் அதே நிறுவனம், ரோசெஸ்டர் நகரில் உள்ள தன் படச்சுருள் ஆலையை மேம்படுத்துவதற்காகச் சில வாரங்கள் உற்பத்தியை நிறுத்தி வைத்தது. தேவை கூடியதே காரணம். 2025 அக்டோபரில் கொடாகலர் 100, கொடாகலர் 200 என்ற சுருள்களைத் தானே நேரடியாக விற்கத் தொடங்கியது. இங்கிலாந்தின் ஹார்மன் நிறுவனம் 2023 டிசம்பரில் பீனிக்ஸ் 200 என்ற வண்ணச் சுருளை வெளியிட்டது.

கேமராக்களும் வந்தன. ஜப்பானின் ரிக்கோ நிறுவனம் 2024 ஜூனில் பென்டாக்ஸ் 17 என்ற கேமராவை அறிமுகப்படுத்தியது. பெரிய நிறுவனம் ஒன்று பல ஆண்டுகளுக்குப் பிறகு புதிதாக வடிவமைத்த படச்சுருள் கேமரா என்பதால் அது உலகச் செய்தியானது. கைப்பேசியைப் போலவே நெட்டு வாக்கில் படம் எடுக்கும்படி அதை அமைத்தார்கள். யாரை நினைத்துச் செய்தார்கள் என்பதற்கு அதுவே சான்று.

கேமரா ஒரு முறை, சுருள் ஒவ்வொரு முறையும்

கைப்பேசியில் ஆயிரம் படம் எடுத்தாலும் கூடுதல் செலவில்லை. சுருளில் ஒவ்வொரு சொடுக்கும் காசு. ஒரு வண்ணச் சுருள் 50 ரிங்கிட், அதைக் கழுவி ஸ்கேன் செய்ய 25 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 75. ஒரு சுருளில் 36 படங்கள். அப்படியானால் ஒரு படத்துக்கு இரண்டு ரிங்கிட்டுக்குச் சற்று மேல். மாதம் ஒரு சுருள் என்றால் ஆண்டுக்கு 900 ரிங்கிட். மலிவு விலைக் கேமராவின் விலையைச் சுருள் செலவு சில மாதங்களிலேயே தாண்டிவிடும்.

இந்த இடத்தில்தான் 'அரைச்சட்டக' கேமராக்கள் கவனத்துக்கு வருகின்றன. ஒரு முழுப் படம் விழும் இடத்தில் இவை இரண்டு சிறிய படங்களை எடுக்கும். 36 படச் சுருளில் 72 படம் கிடைக்கும். செலவு ஏறக்குறைய ஒரு ரிங்கிட்டாகக் குறையும். 1959இல் ஒலிம்பஸ் பென் கேமரா பிரபலமாக்கிய உத்திதான் இது. பென்டாக்ஸ் 17, கொடாக் எக்டார் எச்35 ஆகிய இரண்டும் இந்த வகையே. படம் சிறியது என்பதால் பெரிதாக்கி அச்சிட்டால் தெளிவு குறையும். 72 படம் முடியும்வரை சுருள் பல மாதம் கேமராவிலேயே கிடக்கவும் கூடும். சில கடைகள் 72 படத்தை ஸ்கேன் செய்யக் கூடுதல் கட்டணம் கேட்கலாம். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று வகை, மூன்று வகை ஆபத்து

முதல் வகை, புதிய எளிய கேமரா. 2022இல் வந்த எக்டார் எச்35 ஏறக்குறைய 50 அமெரிக்க டாலருக்கு அறிமுகமானது. கூர்மைப்படுத்தும் வேலை இல்லை, வேகத்தை மாற்றும் வேலையும் இல்லை. வெயிலில் நன்றாக எடுக்கும், நிழலில் திணறும். கெட்டுப்போனாலும் நட்டம் பெரிதல்ல.

இரண்டாம் வகை, புதிய தரமான கேமரா. பென்டாக்ஸ் 17 அறிமுகமானபோது விலை சுமார் 500 டாலர், அன்றைய மதிப்பில் 2,000 ரிங்கிட்டுக்கு மேல். உத்தரவாதம் உண்டு. ஆனால் படத்துக்கு ஒரு ரிங்கிட் மிச்சம் என்று நினைத்து இதை வாங்கினால், போட்ட முதலை எடுக்க 2,000 படங்களாவது எடுக்க வேண்டும். மாதம் ஒரு சுருள் வீதம் இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும்.

மூன்றாம் வகை, பழைய கேமரா. ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான். 1990இல் வந்த கொன்டாக்ஸ் டி2 கேமராவை அமெரிக்க நட்சத்திரம் கெண்டல் ஜென்னர் 2017இல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் காட்டினார். அதன் பிறகு அதன் விலை எங்கோ போய்விட்டது. ஆனால் அதைத் தயாரித்த கியோசெரா 2005இலேயே கொன்டாக்ஸ் கேமராத் தொழிலை விட்டு விலகிவிட்டது. 1997இல் வந்த ஒலிம்பஸ் மியூ-2 அழகான சிறிய கேமரா. ஆனால் ஒலிம்பஸும் 2021 ஜனவரியில் கேமராப் பிரிவைக் கைமாற்றிவிட்டது. உள்ளே மின்னணுப் பகுதி செயலிழந்தால் உதிரிபாகம் கிடைப்பது அரிது. புகழுக்குக் கொடுக்கும் விலை, பழுதுபார்ப்புக்கு உதவாது.

பழையதே வேண்டும் என்றால், மின்கலம் இல்லாமல் இயங்கும் ஒலிம்பஸ் ட்ரிப் 35 போன்றவற்றைப் பாருங்கள். 1967 முதல் 1984 வரை தயாரிக்கப்பட்ட இது, பெயருக்கேற்பப் பயணத்துக்காகவே வந்தது. லென்ஸைச் சுற்றியுள்ள ஒளியுணர் வளையம் வெளிச்சத்தை அளக்கும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. 'ஏ' என்ற தானியங்கி நிலையில் வைத்து, லென்ஸைக் கையால் மூடிக்கொண்டு பொத்தானை அழுத்துங்கள். பார்வைக் கண்ணாடியில் சிவப்புக் கொடி எழும்பி, படம் எடுக்க மறுக்க வேண்டும். நல்ல வெயிலிலும் கொடி எழும்பினால் ஒளியுணரி செத்துவிட்டது என்று பொருள். பின் மூடியைத் திறந்து கறுப்புப் பஞ்சு பிசுபிசுத்திருக்கிறதா, லென்ஸில் சிலந்தி வலை போன்ற பூஞ்சை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வாங்குவோருக்கு ஒரு தகவல். 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத இறக்குமதிப் பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் அஞ்சல் செலவு வேறு. இயன்றவரை நேரில் பார்த்து வாங்குவதே நல்லது.

நம் ஊர் வெயிலும் ஈரமும்

நம் காற்றில் ஈரம் அதிகம். பூஞ்சைக்கு அது சொர்க்கம். கேமராவைத் துணி அலமாரியில் மூடி வைக்காமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் சுருளை விட்டுவிட்டால் நிறம் கெடும்.

எந்தச் சுருள் என்பதை இடம் தீர்மானிக்கட்டும். பெக்கான் நானாஸின் திறந்த அன்னாசித் தோட்டத்தில் நண்பகலில் எடுக்க 200 ஐ.எஸ்.ஓ. போதும். அங்கிருந்து தஞ்சோங் பியாய் போனால் கதை வேறு. ஆசியப் பெருநிலத்தின் தென்முனையான அங்கே சதுப்புநிலக் காட்டுக்குள் பலகைப் பாதையில் நடக்க வேண்டும். நிழல் அடர்த்தி. 400 ஐ.எஸ்.ஓ. தேவைப்படும்.

விமானப் பயணமென்றால் சுருளைக் கைப்பையில் மட்டுமே வையுங்கள். சரக்குப் பெட்டிகளைச் சோதிக்கும் கதிர் படத்தைப் பாழாக்கும். இப்போது கைப்பைகளுக்கும் வந்துள்ள புதிய சி.டி. வகைக் கருவியும் ஆபத்தானதே. கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள்.

உதகை சொல்லும் பாடம்

தமிழ்நாட்டிலேயே ஒரு காலத்தில் படச்சுருள் தயாரானது. 1960இல் நிறுவப்பட்ட அரசு நிறுவனமான இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், உதகமண்டலத்தில் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களும் எக்ஸ்ரே படலங்களும் தயாரித்தது. 1990களில் நலிவுற்று, பின்னர் மூடப்பட்டது. இன்று வண்ணச் சுருள் தயாரிக்கும் ஆலைகள் உலகிலேயே விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஓர் ஆலை விலையை ஏற்றினாலும் உற்பத்தியை நிறுத்தினாலும் அது நம் பையைத் தொடும். கேமரா வாங்குபவர், இந்த நிச்சயமின்மையையும் சேர்த்தே வாங்குகிறார்.

அப்படியானால் வேண்டாமா? வேண்டும் என்றே சொல்வேன், ஆனால் படிப்படியாக. முதலில் வீட்டு அலமாரியைத் தேடுங்கள். தாத்தாவோ மாமாவோ வைத்திருந்த கேமரா ஒன்று கிடைக்கலாம். இல்லையென்றால் நண்பரிடம் இரவல் வாங்குங்கள், அல்லது மலிவான புதியதில் தொடங்குங்கள். இரண்டு சுருள் எடுத்துப் பாருங்கள். மூன்றாவது சுருளுக்கும் ஆசை குறையாமல் இருந்தால், அப்போது நல்ல கேமராவுக்குச் சேமிக்கலாம்.

அந்த 36 படங்களில் சிலவற்றை வீட்டுப் பெரியவர்களுக்காக ஒதுக்குங்கள். கைப்பேசி தொலைந்தால் படமும் தொலைகிறது. நெகட்டிவ் ஒரு உறையில் அமைதியாகக் கிடக்கும். இருபது ஆண்டு கழித்தும் அதிலிருந்து பாட்டியின் முகத்தை அச்செடுக்கலாம். அந்தப் படத்துக்கு இரண்டு ரிங்கிட் அதிகமில்லை.