மணிக்கட்டில் ஒரு கங்காணி

பிள்ளைகளுக்கு மறதி அதிகம். ஆகவே அவர்களுடைய கையில் நினைவூட்டும் பட்டி ஒன்றைக் கட்டிவிடுங்கள் என்கிறது சந்தை. பல் துலக்கும் வேளை வந்ததும் பட்டி அதிரும். புத்தகப்பையை அடுக்கும் வேளை வந்ததும் மறுபடியும் அதிரும். சொன்ன வேலையை முடித்துப் பொத்தானை அழுத்தினால் ஒரு நட்சத்திரம் மின்னும். இரவில் தாயின் கைத்தொலைபேசிக்கு அன்றைய கணக்கு முழுவதும் போய்ச் சேரும். அமெரிக்காவில் இது புதிய சரக்கன்று. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத வயதினருக்கும் படங்களின் மூலம் வேலை சொல்லும் 'ஒக்டோபஸ்' என்ற கைக்கடிகாரம் 2016இலேயே, பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி அறிமுகம் செய்யப்பட்டது. இன்று கொழும்பில் எனக்குத் தெரிந்த வீடுகள் சிலவற்றிலும் இந்த வகைப் பட்டிகளைக் காண்கிறேன். பட்டி கட்டிய பிள்ளையைப் பெருமையோடு காட்டுகிறார்கள். காது குத்திய பிள்ளையைக் காட்டுவது போல.

இந்தப் பெருமையில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. பிள்ளைகள் மறதிக்காரர்கள் என்ற அடிப்படையே தவறு என்பது என் வாதம்.

உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1983இல் சோமர்வில், வெல்மன், கல்ற்றிஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வில், 2 முதல் 4 வயது வரையான குழந்தைகளிடம், குறித்த வேளை வந்ததும் தங்களுக்கு நினைவூட்டுமாறு பெற்றோர் கேட்டுக்கொண்டனர். இனிப்பு வாங்குவது ஒரு வேலை. உலர்த்திய துணியை எடுப்பது இன்னொன்று. இனிப்பு விடயத்தில், இடைவெளி குறுகியதாக இருந்தபோது, 2 வயதுக் குழந்தைகளே நூற்றுக்கு எண்பது தடவை மறவாமல் நினைவூட்டினர். துணி விடயத்தில் நிலைமை வேறு. அதே குழந்தை, அதே மூளை. மாறியது அக்கறை மட்டுந்தான்.

1985இல் ஸ்டீபன் செசி, யூரி புரொன்பென்பிரென்னர் இருவரும் செய்த ஆய்வு இதனினும் சுவையானது. 10, 14 வயதுப் பிள்ளைகளிடம், அடுப்பில் வேகும் சிறு கேக்குகளை அரை மணித்தியாலத்தில் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, கணினி விளையாட்டொன்றைக் கொடுத்தார்கள். தங்கள் வீட்டில் இருந்த பிள்ளைகள் ஆரம்பத்தில் அடிக்கடி மணிக்கூட்டைப் பார்த்தனர். நேரம் எப்படி ஓடுகிறது என்பது பிடிபட்டதும் பார்ப்பதை விட்டு விளையாட்டில் மூழ்கினர். முடிவு நெருங்கியதும் மீண்டும் பார்க்கத் தொடங்கினர். தன் உள்ளத்து மணிக்கூட்டைச் சுவர் மணிக்கூட்டோடு சரிபார்த்துக்கொள்ளும் வேலை இது. எவரும் சொல்லிக்கொடுக்காமல் பத்து வயதுப் பிள்ளை அதைச் செய்கிறது! நாம் விலை கொடுத்து வாங்கும் பட்டி பறிப்பது இந்தப் பயிற்சியைத்தான். அதிரும் வரை காத்திருக்கலாம் என்றான பிறகு நேரத்தை உணர்ந்து பழக வேண்டிய தேவை எங்கே இருக்கிறது?

ஆய்வுகூடத்தை விட்டுவிட்டு நம் நாட்டுக்கு வருவோம். மாத்தளையிலிருந்து இரத்தோட்டை, ரிவஸ்டன், இல்லுக்கும்புற என்று மலையேறி இறங்கினால் பல்லேகம வரும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் மறுபக்கம். களுகங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய லக்கல நகரத்தைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, 2019இல் புதிய நகரம் ஒன்றைப் பெற்ற பிரதேசம் இது. நெல்வயலும் சேனையும் இங்குள்ள மக்களின் வாழ்க்கை. விளைந்த சேனையில் பரண் கட்டி, இரவில் யானைக்கும் பன்றிக்கும் காவல் இருந்தவர்கள், விழித்திருப்பதற்காகப் பாடிய 'பெல் கவி' சிங்கள நாட்டார் பாடல்களில் தனி வகையாகவே நிலைத்துவிட்டது. உறங்காமல் இருக்க அவர்கள் கண்ட கருவி பாட்டு. அதிரும் பட்டி அன்று.

செய்தி சேகரிக்கச் சென்ற ஒரு பயணத்தில் அந்தப் பக்கத்து வீடொன்றில் பேசிக்கொண்டிருந்தோம். பத்து வயது மதிக்கத்தக்க சிறுமி கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று முற்றத்துக்கு ஓடினாள். திரும்பிப் பார்த்தால் மேற்கே மலை கறுத்திருந்தது. அவள் குரக்கன் காய்ந்த பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தாய் பேச்சை நிறுத்தவுமில்லை, மகளைப் பாராட்டவுமில்லை. அந்த வீட்டில் அது சொல்லிச் செய்யும் வேலையாக இருக்கவில்லை. மேகம் சொன்னது, பிள்ளை கேட்டது.

நினைவாற்றல் ஆய்வாளர்கள் ஐன்ஸ்டைன், மக்டானியல் ஆகியோர் (இவர் அந்த ஐன்ஸ்டைன் அல்லர்) 1990இல் வகுத்த வேறுபாடு ஒன்று உண்டு. மணியை வைத்து நினைவுகொள்வது ஒன்று. கண்முன் நிகழும் ஒன்றைக் கண்டு நினைவுகொள்வது இன்னொன்று. வீட்டு வேலைகளிற் பெரும்பாலானவை இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. குடம் வெறுமையானால் தண்ணீர், மாடு கத்தினால் புல், மழை இருட்டினால் துணி. பட்டியோ எல்லாவற்றையும் மணிக்கு மாற்றிவிடுகிறது. 'நாலு மணிக்குத் துணி எடு' என்று பதிந்து வைத்திருப்பீர்கள். மழை மூன்றரைக்கு வரும். பிள்ளை யன்னலூடாக மழையைப் பார்த்துக்கொண்டு நாலு மணிக்காகக் காத்திருக்கும். பட்டியைப் பொறுத்தவரை அது நல்ல பிள்ளை.

'கிராமத்துச் சிறுவர் உழைப்பைப் போற்றிப் பாடுகிறீரா?' என்று கேட்கும் அன்பர்கள் இருப்பார்கள் என்பதை அறிவேன். இல்லை. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதற்காகப் பாடசாலையைத் துறந்த தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பல ஆண்டுகள் எழுதியவன் நான். கட்டாயக் கல்வியின் வயதெல்லை 2016இல் 16ஆக உயர்த்தப்பட்டபோது மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். பிள்ளையின் படிப்பை விழுங்கும் வேலை வேறு, தான் உண்ட தட்டைத் தானே கழுவி வைக்கும் வேலை வேறு. நான் பேசுவது பின்னதைப் பற்றி.

நட்சத்திரத்தைப் பற்றியும் ஒரு சொல். 2008இல் வார்னெகன், தொமசெல்லோ இருவரும் 20 மாதக் குழந்தைகளிடம் நடத்திய சோதனையில், உதவி செய்ததற்காகப் பரிசு பெற்ற குழந்தைகள், பரிசு பெறாத குழந்தைகளைக் காட்டிலும் பின்னர் குறைவாகவே உதவினர். பேச்சே முழுதாக வராத வயதில் இது நடக்கிறது என்றால், எட்டு வயதில் நட்சத்திரக் கணக்கு என்ன செய்யும் என்பதைப் பெற்றோரின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

உடம்பில் அணியும் நினைவூட்டி நமக்குப் புதிதா என்ன? என் தாயார் சேலைத் தலைப்பில் முடிச்சுப் போட்டுக்கொள்வார். சங்கக்கடையில் மண்ணெண்ணெய் வாங்க ஒரு முடிச்சு, சீட்டுக்காசு கொடுக்க இன்னொன்று. கேலி செய்திருக்கிறோம்; ஆனால் அதில் ஒரு பெருந்தன்மை இருந்ததை இப்போது உணர்கிறேன். அணிந்தவரும் அவரே, முடிந்தவரும் அவரே, அவிழ்த்தவரும் அவரே. அந்த முடிச்சு யாருக்கும் அறிக்கை அனுப்பவில்லை. இன்றைய பட்டியிலோ முடிச்சுப் போடுபவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர். மலையகத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் பெயர் தெரியும். பேர் பதிந்து, வேலை சொல்லி, மாலையில் கணக்குக் கொடுப்பவரைக் கங்காணி என்றுதான் நம் பாட்டன்மார் அழைத்தனர்.

அந்தக் கங்காணி வேறு எவருக்கெல்லாம் கணக்குக் கொடுக்கிறார் என்பது அடுத்த கேள்வி. 2017 ஒக்டோபரில் நோர்வேயின் நுகர்வோர் சபை, சிறுவர்களுக்கான கைக்கடிகாரங்கள் நான்கைச் சோதித்தது. அவற்றுட் சிலவற்றினுள் அந்நியர் நுழைந்து, பிள்ளை இருக்கும் இடத்தை அறிய முடிந்தது. பிள்ளையோடு பேசவும் முடிந்தது. அடுத்த மாதமே, இரகசியமாக ஒட்டுக்கேட்கும் வசதி கொண்ட சிறுவர் கைக்கடிகாரங்களின் விற்பனையை ஜேர்மனி தடைசெய்தது. பெற்றோர் சிலர் அவற்றின் வழியாக வகுப்பறையில் ஆசிரியரையே ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்ததும் அப்போது வெளிவந்தது. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருப்பதும் அது நடைமுறைக்கு வருவதும் நம் நாட்டில் எவ்வளவு தூரத்து உறவு என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பட்டி வாங்கும் தந்தையர் எத்தனை பேர், பிள்ளையின் விபரம் எந்த நாட்டுக் கணினியில் சேமிக்கப்படுகிறது என்று கடைக்காரரிடம் கேட்டிருப்பார்கள்?

கவனக்குறைபாட்டோடு போராடும் பிள்ளைகளுக்கும், வேளை தவறாது மருந்து எடுக்க வேண்டிய பிள்ளைகளுக்கும் அதிரும் கடிகாரம் உண்மையிலேயே ஊன்றுகோலாகலாம். அதை வைத்தியரும் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து தீர்மானிக்கட்டும். அதில் மூக்கை நுழைக்க எனக்கு உரிமையில்லை. ஊன்றுகோலை நன்றாக நடக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் விற்பதைத்தான் எதிர்க்கிறேன்.

வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு கோரிக்கை. எதை, எப்போது நினைவூட்ட வேண்டும் என்பதைப் பிள்ளையே பதியட்டும். இரவு அறிக்கை வரும் வசதியை நிறுத்திவிடுங்கள். இன்னொரு பட்டி வாங்கித் தந்தையின் கையிலும் கட்டுங்கள். அதில் என்னென்ன வேலைகள் பதிவாக வேண்டும் என்பதைப் பிள்ளையும் தாயும் இருந்து தீர்மானிக்கட்டும். ஒரு கிழமை கழித்து, எந்தப் பட்டி முதலில் அலுமாரிக்குள் போனது என்று எனக்கு எழுதி அனுப்புங்கள்.