திகதி கடந்த பிலிமும் நனைந்த தானியமும்

காலாவதியான பொருளை விற்பது குற்றம் என்றே நாம் அறிந்திருக்கிறோம். கல்முனைக் கடையொன்றில் திகதி கடந்த உணவுப் பொருள் இருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அதைக் கைப்பற்றுவார். நுகர்வோரைப் பாதுகாக்க 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. ஆனால் திகதி கடந்த பிறகும் ஆட்கள் தேடித்தேடி, கூடிய விலை கொடுத்து வாங்கும் பொருள் ஒன்று உண்டு. பெரிய கமராக்களில் பயன்படுத்தும் உடனடிப் பட பிலிம்தான் அது. அதை விற்பதும் வாங்குவதும் சரியா?

கலியாண வீடுகளில் சின்னக் கமராவிலிருந்து படம் உடனே வெளியே வருவதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதன் மூத்த உறவுதான் இந்த பிலிம். அமெரிக்கரான எட்வின் லேண்ட் 1947இல் உடனடிப் படத்தை உலகுக்குச் செய்து காட்டினார். அவரது பொலரொய்ட் நிறுவனம் பின்னர் முக்காலியில் நிற்கும் பெரிய கமராக்களுக்கும் 4 அங்குலம் அகலமும் 5 அங்குலம் நீளமும் கொண்ட தாள்களைச் செய்தது. ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் இரசாயனப் பசை அடைத்த சிறு உறை இருக்கும். படம் எடுத்தபின் தாளை இரு உருளைகளுக்கு நடுவே இழுத்தால் உறை வெடித்துப் பசை பரவும். சற்றுப் பொறுத்து உரித்தால் படம் கையில் இருக்கும். வெளிச்சம் சரியா என்று பார்க்க ஸ்டூடியோக்காரர்கள் இதைப் பயன்படுத்தினார்கள். 55ஆம் இலக்க வகையில் படத்தோடு நெகட்டிவும் கிடைத்தது. அன்சல் அடம்ஸ் போன்ற பெரிய கலைஞர்களும் அதைக் கையாண்டார்கள்.

டிஜிட்டல் கமரா வந்ததும் இதற்குக் கேள்வி குறைந்தது. 2008இல் பொலரொய்ட் தன் உடனடிப் பட பிலிம்களின் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. உரித்தெடுக்கும் வகையில் எஞ்சியிருந்த பிலிமையும் நிறுத்துவதாக புஜிபிலிம் 2016இல் அறிவித்தது. 55ஆம் இலக்கத்தை மீண்டும் உயிர்ப்பிக்க அமெரிக்காவில் சிலர் 2014இல் பொதுமக்களிடம் பணம் திரட்டித் தொடங்கிய நியூ55 முயற்சியும் 2017இன் முடிவில் நின்றது. ஆகவே அந்தப் பழைய வகைகளை விரும்புகிறவர்களுக்கு எஞ்சியிருப்பவை பழைய பெட்டிகள்தாம்.

இந்த பிலிம் பழுதாகும் விதமும் வேறு. சாதாரண பிலிம் பழசானால் படம் மங்கும், நிறம் மாறும், அவ்வளவுதான். உடனடி பிலிமில் உறைக்குள் இருக்கும் பசையே காய்ந்துவிடும். பசை பரவாவிட்டால் படமே இல்லை. வெப்பம் இதை விரைவுபடுத்தும். குளிரூட்டியில் வைக்கலாம், ஆனால் உறைய விட்டாலும் பசை கெடும். ஒரு பெட்டி எந்த நாட்டில், யாருடைய அலுமாரியில், எத்தனை கோடையைக் கண்டது என்பதை வெளியே அச்சிட்ட திகதி சொல்லாது. அது விற்பவருக்கு மட்டுமே தெரியும்.

என் மாமா முன்பு ஸ்டூடியோ நடத்தியவர். அவர் சென்ற வருடம் வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் இணையம் வழியாக ஒரு பெட்டி வாங்கினார். இருபது தாள்களில் மூன்றில்தான் முழுப்படம் வந்தது. விசாரித்தபோது, “காலாவதியானது என்று எழுதித்தானே விற்றேன்” என்று பதில் வந்தது. அதே தொகுதியில் இரண்டு பெட்டிகளைத் தான் பிரித்துப் பார்த்ததாகவும் அவற்றில் பசை காய்ந்திருந்ததாகவும் அவரே அந்தப் பதிலில் எழுதியிருந்தார்.

அவர் சொன்னது பொய்யல்ல. பழைய பொருளை வாங்குகிறவர் நட்டத்துக்கும் தயாராக இருக்க வேண்டும் என்று வாதிடுவோரும் உண்டு. அதில் ஓரளவு நியாயம் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மதீனாச் சந்தையில் நடந்த சம்பவத்தை நாம் எல்லோரும் மத்ரஸாவில் படித்திருக்கிறோம். நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலொன்றுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். நனைந்த தானியத்தை விற்கவே கூடாது என்று அங்கே சொல்லப்படவில்லை. ஈரத்தை அடியில் மறைத்ததே கண்டிக்கப்பட்டது.

என் கருத்தும் இதுவே. பிலிம் உணவல்ல, திகதி கடந்தாலும் யாருடைய உடலுக்கும் கேடில்லை. பயன் எஞ்சியிருப்பதைக் குப்பையில் போடுவதுதான் வீண்விரயம். தாராளமாக விற்கலாம், வாங்கலாம். ஆனால் “காலாவதியானது” என்ற ஒற்றைச் சொல் போதாது. எங்கே எப்படி வைத்திருந்தது, அதே தொகுதியைப் பரீட்சித்தபோது என்ன வந்தது என்பதையும் விற்பவர் சொல்ல வேண்டும். ஈரத்தை மேலே வைப்பது என்றால் இதுதான். இன்று நாம் கைத்தொலைபேசி வழியே வாங்கும் அழகுசாதனப் பொருளுக்கும் பழைய கைத்தொலைபேசிக்கும் இதே அளவுகோல் பொருந்தும். வீட்டிலிருந்தே இணையத்தில் வியாபாரம் செய்யும் சகோதரிகளும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாங்குபவருக்கும் பொறுப்பு உண்டு. கறையும் மங்கலும் அழகு என்று சிலர் விரும்பி வாங்குகிறார்கள். மரத்தையோ கடலையோ எடுப்பதென்றால் அது அவரவர் ரசனை; மரம் நாளைக்கும் அங்கேயே நிற்கும். ஆனால் இன்னொருவரின் நிக்காஹ் நாளையும் வயதான ஒருவரின் முகத்தையும் அந்த பிலிமை மட்டும் நம்பி எடுப்பது வேறு விடயம். 2004 டிசம்பர் 26இல் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது கரையோர வீடுகளிலிருந்து கடல் உயிர்களோடு அல்பங்களையும் கொண்டுபோனது. மௌத்தாகிய பிள்ளையின் ஒரு படம்கூட மிஞ்சாத தாய்மார் நம் அயலில் இருக்கிறார்கள். ஒரு படம் என்ன பெறுமதி என்பதை வேறு ஊரார் நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. எனவே பிறரின் முக்கிய நாளில் நம்பகமான கமராவில் முதலில் எடுத்துவிட்டு, பழைய பிலிமை அதன் பிறகு பரீட்சித்துப் பார்க்கட்டும். அதுவும் எடுக்கப்படுபவரிடம் சொல்லிவிட்டு.

திகதி முடிந்த பொருளுக்கும் ஒரு பயன் மிஞ்சியிருக்கலாம். அதன் குறையைத் திறந்து சொல்லி விற்பவரின் உழைப்பில் பரகத் இருக்கும். குறையை அறிந்து வாங்கியவருக்கும் பின்னால் மனக்கசப்பு வராது.