மெய்நிகர் கணினி மீது விழும் பழி

தருமபுரியில் ஒரு சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் போனாலும், கல்லூரி ஆய்வகத்தில் உட்கார்ந்தாலும், ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் காதில் விழுவது ஒன்றுதான்: "சர்வர் ஸ்லோ." ஏன் என்று கேட்டால் கொஞ்சம் விவரம் தெரிந்தவர் காரணமும் சொல்வார்: "எல்லாம் இப்போ வி.எம்.ல ஓடுது சார், நெட்வொர்க் அப்படித்தான் இருக்கும்." வி.எம். என்றால் விர்ச்சுவல் மெஷின், மெய்நிகர் கணினி. ஒரே இயந்திரத்தை மென்பொருளால் பிரித்துப் பல கணினிகளாக ஓட்டுவது. இன்று கிளவுட் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி இதுதான்.

இந்தக் கருத்தை நம்பித்தான் தேவையில்லாத சர்வர்கள் வாங்கப்படுகின்றன, தேவையில்லாத பேண்ட்விட்த்துக்கு மாதாமாதம் பணம் கட்டப்படுகிறது. அதைவிட எனக்கு வருத்தம் தருவது, படிக்கிற பிள்ளைகள் காரணம் தேடுவதையே நிறுத்திவிடுவது. அதனால் இதை வாதம் வாதமாக எடுத்து மறுக்கிறேன்.

மெய்நிகர் கணினியின் நெட்வொர்க் இயல்பிலேயே மெதுவானது என்பது அடிப்படை வாதம். ஒரு காலத்தில் இதில் உண்மை இருந்தது. உள்ளே ஓடும் லினக்ஸோ விண்டோஸோ, தன்னிடம் இன்டெல்லின் பழைய இ1000 நெட்வொர்க் கார்டு இருப்பதாக நினைத்து அதன் ரெஜிஸ்டர்களில் எழுதும். அப்படி ஒரு கார்டே அங்கே கிடையாது. எழுதும்போதெல்லாம் பிராசசர் அந்த மெய்நிகர் கணினியை நிறுத்திவிட்டு, மெய்நிகர் கணினிகளை நடத்தும் மென்பொருளான ஹைப்பர்வைசரிடம் போகும். கார்டு செய்ய வேண்டிய வேலையை ஹைப்பர்வைசர் மென்பொருளில் செய்துகாட்டிய பிறகுதான் மறுபடி உள்ளே வரும். ஒரே பாக்கெட்டுக்கு இப்படிப் பலமுறை போய்வர நேரலாம். மெதுவாகத்தான் இருக்கும்.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு வந்து வெகுகாலமாகிவிட்டது. 2003-இல் வெளிவந்த ஸென் என்ற ஹைப்பர்வைசர், உள்ளே ஓடும் இயங்குதளத்துக்கு 'நீ மெய்நிகர் கணினிதான்' என்று தெரியப்படுத்திவிட்டு, இருவரும் பொதுவான நினைவகத்தில் பாக்கெட்டுகளை வைத்து எடுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. 2007-இல் கேவிஎம் என்ற இன்னொரு ஹைப்பர்வைசர் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே வந்தது. 2008-இல் ரஸ்டி ரஸ்ஸல் இதே எண்ணத்தை எல்லா ஹைப்பர்வைசருக்கும் பொதுவாக்கும் விர்ட்டியோவை முன்வைத்தார். நூறு பாக்கெட்டைப் பொது நினைவகத்தில் அடுக்கிவிட்டு ஒரே ஒரு தடவை தட்டி எழுப்பினால் போதும். பின்னர் வந்த விஹோஸ்ட்-நெட், பாக்கெட்டுகளைக் கையாளும் வேலையைக் கெர்னலுக்கே மாற்றியது. எஸ்ஆர்-ஐஓவி என்ற முறையில் அசல் கார்டே தன்னைப் பல கார்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் நேரடியாக ஒன்றைக் கொடுத்துவிடுகிறது. அமேசான் தன் ஈசி2 சேவையில் 2013-லேயே அதைக் கொண்டுவந்துவிட்டது.

அப்படியென்றால் நம் ஊர் ஆய்வகத்தில் ஏன் இன்னும் மெதுவாக இருக்கிறது? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில், கிளவுட் கம்ப்யூட்டிங் ஆய்வகப் பயிற்சிகளில் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் கணினி மென்பொருளை நிறுவுவது ஒன்று. ஒரு மெய்நிகர் கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பு அனுப்புவது இன்னொன்று. தருமபுரியை அடுத்த செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரி உட்பட, அந்தப் பாடத்திட்டத்தைப் பின்பற்றிய கல்லூரிகளுக்கெல்லாம் பொதுவான பட்டியல் அது. கோப்பு போய்ச் சேர்ந்தால் பயிற்சி முடிந்தது. எத்தனை நொடியில் போனது, எந்தக் கார்டு வழியாகப் போனது என்ற கேள்வி பட்டியலில் இல்லை. விர்ச்சுவல்பாக்ஸோ, மாற்றாமல் விட்டால் பெரும்பாலும் அந்தப் பழைய இன்டெல் புரோ/1000 (இ1000) கார்டையும் நாட் இணைப்பையும்தான் கொடுக்கிறது. அந்த நாட் இணைப்பில் தனித்தனியாக இருக்கும் இரண்டு மெய்நிகர் கணினிகள் ஒன்றையொன்று பார்க்கவே முடியாது. அதனால் மாணவர்கள் பிரிட்ஜ்டு இணைப்புக்கோ ஹோஸ்ட்-ஒன்லிக்கோ மாற்றுகிறார்கள். அதே சாளரத்தில், இரண்டு வரி தள்ளி, கார்டு வகையை விர்ட்டியோ என்று மாற்றும் இடமும் இருக்கிறது. அதை யாரும் தொடுவதில்லை. லினக்ஸுக்கு அதன் டிரைவர் 2008 முதல் கெர்னலோடே வருகிறது. விண்டோஸுக்கு மட்டும் தனியாக நிறுவ வேண்டும். போதாததற்கு நான்கு கோர் உள்ள இயந்திரத்தில் இரண்டு மெய்நிகர் கணினிக்கும் நான்கு நான்கு பிராசசர் ஒதுக்கி, எஸ்சிபி வழியே கோப்பை அனுப்புகிறார்கள். எஸ்சிபி ஒவ்வொரு பைட்டையும் மறையாக்கம் செய்கிறது. ஒரே ஹார்ட் டிஸ்க்கில் படிக்கவும் எழுதவும் வைக்கிறது. கடைசியில் வருகிற எண் டிஸ்க்கின் வேகமாக இருக்கலாம், பிராசசரின் வேகமாக இருக்கலாம். பழி மட்டும் நெட்வொர்க்குக்குப் போகிறது.

'ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பார்த்தாச்சு, 90 காட்டுது, அப்ப கோளாறு வி.எம்.லதான்' என்பது அடுத்த வாதம். ஸ்பீட் டெஸ்ட் பக்கத்து ஊரில் இருக்கும் ஏதோ ஒரு சர்வரோடு ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து, எல்லாவற்றையும் கூட்டிச் சொல்கிறது. உங்கள் மென்பொருள் மும்பையில் உள்ள ஒரு சர்வரோடு ஒரே ஒரு இணைப்பில் பேசுகிறது. ஸ்பீட் டெஸ்ட் அளந்த பாதையும் மென்பொருள் போகும் பாதையும் ஒன்றல்ல.

சரி, ஐபெர்ஃப்3 போன்ற முறையான கருவியையே எடுத்துக்கொள்வோம். அதிலும் கவனம் வேண்டும். யுடிபி சோதனைக்கு வேகம் குறிப்பிடாமல் விட்டால் அது நொடிக்கு 1 மெகாபிட் மட்டுமே அனுப்பும். அந்த எண்ணைப் பார்த்து 'யுடிபி செத்துவிட்டது' என்று முடிவு கட்டுவது மிக எளிது. 3.16 பதிப்புக்கு முன்பு பல இணைப்புகளைத் திறந்தாலும் அத்தனையையும் ஒரே திரெட்தான் சுமக்கும். வேகமான நெட்வொர்க்கில் அளக்கப்படுவது ஒரு பிராசசர் கோரின் வேகம். ஒரே இயந்திரத்துக்குள் உள்ள இரண்டு மெய்நிகர் கணினிகளுக்கு இடையே அளந்தால் நொடிக்குப் பத்து ஜிகாபிட்டுக்கு மேலும் காட்டக்கூடும். அங்கே கம்பியே இல்லை, நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கு நகல் எடுப்பது மட்டுமே நடக்கிறது. மெய்நிகர் கார்டு தன் வேகம் 1000 என்று திரையில் காட்டுவதும் வெறும் முகப்புச் சீட்டுதான்.

மெகாபிட் கணக்கு மட்டுமே பார்ப்பவர்கள் தவறவிடுவது பாக்கெட் எண்ணிக்கையை. 1 ஜிகாபிட் ஈதர்நெட்டில் முழு அளவுப் பாக்கெட்டுகள் என்றால் நொடிக்குச் சுமார் 81,000 போகும். மிகச் சிறிய 64 பைட் பாக்கெட்டுகள் என்றால் சுமார் 14.88 லட்சம். மெய்நிகர் கணினிக்கு ஆகும் செலவு பெரும்பாலும் பைட்டுக்கு அல்ல, பாக்கெட்டுக்கு. வீடியோ தரவிறக்கத்தில் பிரச்சினையே தெரியாத அமைப்பு, சின்னச் சின்னக் கேள்வி பதில்களாகப் பேசும் டேட்டாபேஸில் மூச்சுத் திணறுவது இதனால்தான்.

சராசரியும் ஏமாற்றும். ஆயிரம் பிங் போட்டுச் சராசரி அரை மில்லிநொடி என்று எழுதிவிட்டுப் போகிறோம். அதில் நூற்றுக்கு ஒன்று 20 மில்லிநொடி எடுத்தது என்றால், ஒரு பக்கத்துக்கு நாற்பது தடவை போய்வரும் மென்பொருளில் ஏறத்தாழ மூன்று பக்கத்தில் ஒன்று அந்த மெதுவான பாக்கெட்டிடம் மாட்டிக்கொள்ளும். பயனாளர் நினைவில் நிற்பது அந்தப் பக்கம். 2013-இல் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் கூகுளின் அனுபவத்திலிருந்து எழுதியதும் இதைப் பற்றியே. ஆகவே சராசரிக்குப் பக்கத்தில் 99-ஆவது சதமானத்தையும் எழுதாத அளவீட்டை நான் அளவீடாகவே எடுத்துக்கொள்வதில்லை.

பேண்ட்விட்த்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்பதுதான் எல்லாவற்றிலும் விலை அதிகமான வாதம். ஒகேனக்கல்லைச் சுற்றி உள்ளவர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் இன்று எத்தனை கன அடி என்பது ஒரு கேள்வி. கர்நாடக அணைகளில் திறந்த நீர் எப்போது வந்து சேரும் என்பது வேறு கேள்வி. பேண்ட்விட்த் கன அடி மாதிரி. தாமதம் வந்து சேரும் நேரம்.

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. சென்னை நமக்குச் சுமார் 300 கிலோமீட்டர். போய்வர 3 மில்லிநொடி போதும். மும்பை சுமார் ஆயிரம் கிலோமீட்டர். போய்வரச் சுமார் 10 மில்லிநொடி. கம்பி நேராகப் போவதில்லை, வழியில் ரவுட்டர்கள் உண்டு என்பதால் 30 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் திறக்க மென்பொருள் ஒன்றன்பின் ஒன்றாக நாற்பது தடவை போய்வந்தால் 1.2 நொடி. 100 மெகாபிட்டை 300 ஆக்கினாலும் அதே 1.2 நொடிதான். நாற்பதை நான்காகக் குறைத்தால் 120 மில்லிநொடி, மாதக் கட்டணத்தில் ஒரு ரூபாய்கூட ஏறாமல்.

இன்னொரு கணக்கும் உண்டு. டிசிபியில் விண்டோ ஸ்கேலிங் வேலை செய்யாவிட்டால் ஒரு நேரத்தில் 65,535 பைட் வரைதான் பதிலுக்குக் காத்திருக்காமல் அனுப்ப முடியும். 30 மில்லிநொடிப் பாதையில் அது நொடிக்கு 17.5 மெகாபிட்டைத் தாண்டாது, கம்பி எவ்வளவு பெரிதாக இருந்தாலும். 1992-லேயே தரப்படுத்தப்பட்ட வசதி அது. ஆனாலும் வழியில் ஒரு பழைய ஃபயர்வால் அதை நீக்கிவிட்டாலோ, மென்பொருள் தன் பஃபரைச் சிறிதாகப் பிடித்துவைத்திருந்தாலோ பழைய காலம் திரும்பிவிடும்.

எதிர்த்தரப்பில் எனக்கு மதிப்புள்ள வாதம் ஒன்று உண்டு: ஒரே இயந்திரத்தில் முன்பின் தெரியாத பலரோடு பங்கு போட்டால் நம் கையில் என்ன இருக்கிறது? இதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2010-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் குவோஹுய் வாங்கும் யூஜின் இங்கும் ஈசி2-வை அளந்தார்கள். சிறிய வகை மெய்நிகர் கணினிகளில், நெட்வொர்க்கில் நெரிசலே இல்லாதபோதும், சில பத்து மில்லிநொடிகளுக்குள் வேகம் 1 ஜிகாபிட்டுக்கும் பூஜ்யத்துக்கும் இடையே ஆடியது. பிராசசரைப் பங்கு போட்டதுதான் அவர்கள் கண்ட காரணம். மெய்நிகர் கணினி தன் முறைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் பாக்கெட்டும் காத்திருக்கிறது. குற்றவாளி கம்பி அல்ல, பிராசசர். லினக்ஸின் டாப் கட்டளையில் 'எஸ்டி' என்று ஒரு எண் வரும். நமக்கு வர வேண்டிய பிராசசர் நேரத்தில் எவ்வளவு வேறிடம் போனது என்பதைச் சொல்லும். அது தொடர்ந்து உயர்ந்திருந்தால் இயந்திரத்தின் வகையை மாற்ற வேண்டும், அல்லது நேரம் குறித்த அந்த எண்களோடு சேவை தருபவரிடம் போக வேண்டும். அது பூஜ்யமாகவே இருந்தால் அண்டை வீட்டுக்காரரைக் குறை சொல்லக் கூடாது.

இதெல்லாம் பெங்களூருக்காரர்கள் பார்க்க வேண்டிய வேலை, நம்மிடம் அதற்கான ஆய்வகம் இல்லை என்பார்கள். இரண்டு பழைய டெஸ்க்டாப்பும் ஒரு ஈதர்நெட் கேபிளும் போதும். முதலில் மெய்நிகர் கணினி இல்லாமல் இரண்டு இயந்திரங்களுக்கு இடையே அளக்க வேண்டும். பிறகு ஒன்றில் மட்டும் மெய்நிகர் கணினி வைத்து. பிறகு இரண்டிலும். மெய்நிகர் கணினி உள்ள ஒவ்வொரு படியையும் இ1000 கார்டில் ஒருமுறை, விர்ட்டியோவில் ஒருமுறை, சும்மா இருக்கும்போதும் பிராசசருக்குச் சுமை கொடுத்தும். எந்தப் படியில் எண் விழுகிறதோ அங்கேதான் கோளாறு. பிராசசர் உறக்கத்துக்குப் போய் எழுவதால், நொடிக்கு ஒன்றாகப் போடும் பிங் வேகமாகப் போடுவதைவிடக் கூடுதல் தாமதம் காட்டலாம். அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். லினக்ஸில் உள்ள நெட்டெம் வசதியால் அந்தச் சின்னக் கேபிளில் 30 மில்லிநொடித் தாமதத்தையும், ஆயிரத்துக்கு ஒரு பாக்கெட் இழப்பையும் செயற்கையாகச் சேர்க்கலாம். தாங்கள் எழுதிய மென்பொருள் மும்பை சர்வரோடு எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் செட்டிக்கரையிலேயே ஒரு பிற்பகலில் பார்த்துவிடலாம். அதற்கு இணைய இணைப்புகூடத் தேவையில்லை.