மலையைத் தொழுவோர் மலையைக் காப்போராக வேண்டும்

தமிழருக்கு மலை என்பது வெறும் கல்லும் மண்ணும் அன்று. குன்று கண்ட இடமெல்லாம் குமரனைக் கண்ட மரபு அவர்களுடையது. பழனியும் திருத்தணியும், அண்ணாமலையும் திருவேங்கடமும் அவர்களுக்கு ஊர்ப் பெயர்கள் மட்டுமல்ல. கை கூப்ப வைக்கும் திருநாமங்கள். கடல் கடந்து வந்த முன்னோர் பத்துமலைக் குகையில் வேலை நாட்டி வணங்கியதும், 1929ஆம் ஆண்டில் ரிங்லெட் அருகே போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்ட காலந்தொட்டு இம்மலைச் சரிவுகளில் காடு திருத்திக் கொழுந்து பறித்த பாட்டாளிகள், லயத்துக்குப் பக்கத்தில் சூலம் நட்டு அம்மனை அழைத்ததும் அந்த மரபின் தொடர்ச்சியே ஆகும்.

அந்தப் பாட்டாளிகளின் பேரப்பிள்ளைகள் இன்று இமயத்துக்கே யாத்திரை செல்லும் வசதி பெற்றிருக்கின்றனர். குழு குழுவாக நேபாளம் சென்று பசுபதிநாதரையும் முக்திநாதரையும் தரிசித்துத் திரும்புவோர் மலேசியாவின் பல ஊர்களிலும் உள்ளனர். திரும்பி வருவோர் உருத்திராக்கமும் சாளக்கிராமமும் நிழற்படங்களும் கொண்டு வருகின்றனர். ஆயினும், இமயத்திலிருந்து கொண்டுவர வேண்டிய பொருள் வேறொன்று உண்டு. மலையிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்னும் பாடமே அது.

இமயம் தமிழருக்குப் புதியதன்று. வைணவர்களின் 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான திருச்சாளக்கிராமம், நேபாளத்தின் முஸ்தாங் மாவட்டத்தில் உள்ள முக்திநாத் என்றே போற்றப்படுகிறது. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம் அது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில், பனிமலைகளின் மடியில், 108 நீர்த்தாரைகள் சூழ எம்பெருமான் கோயில் கொண்டிருக்கிறார். அருகே ஓடும் காளிகண்டகி ஆற்றில் கிடைக்கும் கரிய சாளக்கிராமக் கற்கள், இமயம் எழுவதற்கு முன் அங்கிருந்த கடலில் வாழ்ந்த உயிரினங்களின் கல்லுருவங்கள் என்று நிலவியல் அறிஞர்கள் கூறுவர். பாற்கடலில் பள்ளிகொண்டவனை மலையுச்சியில் கடலின் எச்சமாகவே கண்டு வழிபடுவது எண்ணி எண்ணி வியக்கத்தக்கது.

முக்திநாத் இந்துக்களுக்கு மட்டும் உரிய தலமன்று. இந்துக்கள் திருமாலாகத் தொழும் அதே திருவுருவைப் பௌத்தர்கள் அவலோகிதேசுவரராகத் தொழுகின்றனர். அருகிலுள்ள ஜ்வாலா மாயி ஆலயத்தில் பாறை இடுக்கிலிருந்து வெளிவரும் எரிவாயுவில் சுடர் ஒன்று எரிகிறது. அதைப் பேணிக் காப்போர் பௌத்தத் துறவுப் பெண்கள். எவர் பெரியவர் என்ற வழக்கின்றி இரு சமயத்தாரும் ஒரே வாயிலில் நுழைந்து ஒரே நீரைத் தலையில் தெளித்துக்கொள்கின்றனர். ஆலய நிர்வாகத்துக்காகவும் மாலை மரியாதைக்காகவும் மனம் கசந்து பிரிந்து நிற்பவர்கள் எங்கிருந்தாலும், அவர்கள் ஒருமுறை அங்கு சென்று வருவது நலம்.

நேபாளத்தின் திருவிழாக்களும் தமிழர் உள்ளத்துக்கு நெருக்கமானவை. நவராத்திரியை அவர்கள் தசைன் என்னும் பெயரில் கொண்டாடுகின்றனர். முதல் நாளில் கலசம் வைத்து, இருண்ட அறையில் மண் பரப்பி, பார்லி விதை தெளித்து முளைக்கச் செய்கின்றனர். வெயில் படாத பயிர் மஞ்சள் நிறமாக வளர்கிறது. விசயதசமியன்று வீட்டுப் பெரியவர்கள், அரிசியும் தயிரும் செந்தூரமும் கலந்த திலகத்தை இளையோர் நெற்றியில் இட்டு, அந்த முளைகளையும் சூட்டி வாழ்த்துகின்றனர். மாரியம்மனுக்கு முளைப்பாரி வளர்த்த தாய்மார்களுக்கு இதை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளியையொட்டி வரும் திகார் ஐந்து நாள் விழாவாகும். காகத்துக்கு ஒரு நாள், நாய்க்கு ஒரு நாள், பசுவுக்கும் திருமகளுக்கும் ஒரு நாள், இறுதியில் உடன்பிறந்தாரை வாழ்த்தும் நாள் என அது அமைகிறது. இடையில் வரும் நான்காம் நாளில் கோவர்த்தன மலைக்கே பூசை. மழை வேண்டி இந்திரனை வணங்கிய ஆயர்களிடம், மாடுகளுக்குப் புல்லும் நீரும் தரும் இந்த மலையை வணங்குங்கள் என்று கண்ணன் சொன்னதாகக் கூறும் புராணத்தின் நினைவு அது.

விழாவுக்கு ஒரு நாள் மலையை வணங்குவதோடு அந்நாட்டு மக்கள் நின்றுவிடவில்லை என்பதே சிறப்பு. பொக்காரா நகரிலிருந்து பார்க்கையில் மீன்வால் போல் வானத்தைப் பிளந்து நிற்கும் மச்சபுச்ரே சிகரம் 6,993 மீட்டர் உயரமுடையது. அது சிவபெருமானுக்குரிய மலை என்பது மக்கள் நம்பிக்கை. 1957ஆம் ஆண்டில் ஏறிய பிரிட்டிஷ் குழுவினர் உச்சிக்குச் சுமார் 50 மீட்டர் கீழே நின்று திரும்பினர். அதன்பின் அச்சிகரத்தில் ஏற அனுமதி வழங்கப்படுவதில்லை. உலகின் மூன்றாவது உயர்ந்த சிகரமான கஞ்சன்ஜங்காவில் 1955ஆம் ஆண்டில் முதன்முதல் ஏறியவர்களும், சிக்கிம் மக்களின் பக்தியை மதித்து, உச்சியில் கால் வைக்காமல் சில அடி கீழேயே நின்றனர். பூட்டான் நாடோ 1994ஆம் ஆண்டில் 6,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் ஏறுவதைத் தடை செய்து, 2003ஆம் ஆண்டில் மலையேற்றத்தையே முற்றாக நிறுத்திவிட்டது. சிகர ஏற்றத்தால் வரும் வருவாயைவிட மலையின் புனிதமே பெரிது என்று ஒரு சிறு நாடு முடிவு செய்தது.

இந்த அடக்கம் சைவத் தமிழருக்கு அயலானதா? பெரிய புராணம் போற்றும் காரைக்கால் அம்மையார் கயிலை மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து சென்றார். அதே கயிலையைத் தன் தோள்வலியால் பெயர்க்க முயன்ற இராவணன், இறைவனின் கால்விரல் ஒன்று அழுத்த, மலையின் கீழ் நசுங்கிக் கதறினான். ஒரே மலையின் முன் இருவர் நின்றனர். மிதிக்கவும் அஞ்சியவரை இறைவன் அம்மையே என்று அழைத்தார். பெயர்க்கத் துணிந்தவன் கதறியழுது பாடிய பிறகே அருள் பெற்றான். மலையை நெருங்குவோர் ஒவ்வொருவரும் இவ்விருவருள் எவர் வழியில் செல்கிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடக்கம் என்பது உடலைப் பற்றிய அறிவையும் உள்ளடக்கியதே. மலைநாட்டில் பிறந்தவர்களுக்கு உயரம் ஒரு பொருட்டல்ல என்னும் எண்ணம் சிலரிடம் உள்ளது. கேமரன் மலையின் பிரிஞ்சாங் சிகரம் 2,031 மீட்டர். இராவ் சிகரம் 2,110 மீட்டர். முக்திநாத் பயணத்தின் வாயிலாகிய ஜோம்சோம் சிற்றூரே இவற்றைவிட உயரமானது. சுமார் 2,500 மீட்டருக்கு மேல் எவருக்கும் மலைநோய் வரலாம். வயதும் வலிமையும் அதற்குத் தடையாகா. முன்பு நாள்கணக்கில் நடந்து சென்ற வழியை இன்று விமானமும் ஜீப்பும் ஓரிரு நாளில் கடந்துவிடுவதால், புதிய உயரத்துக்குப் பழக உடலுக்கு அவகாசம் கிடைப்பதில்லை. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் தோன்றினால் மேலே செல்லக் கூடாது. குறையாவிடில் கீழே இறங்குவதே மருந்து. இருதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ள முதியோர் மருத்துவரைக் கேளாமல் புறப்படுவது பக்தியாகாது. உறையும் குளிரில் 108 தாரைகளிலும் நனைய முடியாதவர், நீரைத் தலையில் தெளித்துக்கொண்டாலும் இறைவன் ஏற்பான். முக்திநாத்துக்கு மேலே 5,416 மீட்டரில் உள்ள தோரோங் கணவாய்ப் பகுதியில் 2014ஆம் ஆண்டு அக்டோபரில் வீசிய பனிப்புயலில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வானிலையை மதியாத வேகத்துக்கு மலை இரங்குவதில்லை.

முறையாகப் பயின்று செல்வோருக்கு மலை இடம் தரும் என்பதற்கும் சான்று உண்டு. 1997ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் மலேசியர்கள் எம். மகேந்திரன், என். மோகன்தாஸ் என்னும் இருவர். மலேசிய இந்தியர் அனைவருக்கும் தலை நிமிர்வு தந்த நாள் அது. ஆலய இளைஞர் பிரிவுகள் இவர்களை மேடையில் புகழ்வதோடு நில்லாமல், இளைஞர்களை முறையான மலை நடைப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லுமானால், தீய வழிகளில் வீணாகும் ஆற்றல் நல்வழி காணும்.

இனி, ரிங்லெட்டின் பக்கம் பார்வையைத் திருப்ப வேண்டும். இமயத்தைத் தொழுதுவிட்டுத் திரும்புவோர் வீட்டு வாசலில் நிற்கும் மலையின் நிலை என்ன? 1960களில் அமைந்த சுல்தான் அபு பக்கார் அணையின் நீர்த்தேக்கமான ரிங்லெட் ஏரியைக் கண்டால் விடை தெரியும். கட்டுப்பாடின்றி வெட்டித் திறக்கப்பட்ட சரிவுகளிலிருந்து மழை அடித்து வரும் மண் படிந்து, ஏரியின் கொள்ளளவு வெகுவாகச் சுருங்கிவிட்டது. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், கனமழையால் நிறைந்த அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் புகுந்து உயிர்களைப் பலிகொண்டது. அடுத்த ஆண்டு நவம்பரிலும் வெள்ளமும் மண்சரிவும் இவ்வட்டாரத்தை உலுக்கின. அடர்ந்த காடு மழையைத் தாங்கும். தேயிலைச் செடியின் வேரும் ஓரளவு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மொட்டையடித்த சரிவோ ஒரே மழையில் கரைந்து ஆற்றுக்கு வந்துவிடும். இதை அறிந்துகொள்ளப் பெரும் படிப்புத் தேவையில்லை. மழைக்காலத்தில் ஆற்று நீரின் நிறத்தைப் பார்த்தாலே போதும்.

ஆலயங்கள் இதில் என்ன செய்ய இயலும் என்று கேட்போர் உண்டு. செய்யக்கூடியவை பல உள்ளன. கோபுரத்துக்கு வண்ணம் தீட்டுவதும் மண்டபத்துக்குக் கூரை வேய்வதும் திருப்பணி என்றால், ஆலயத்தைத் தாங்கி நிற்கும் சரிவைக் காப்பதும் திருப்பணியே. திருவிழா முடிந்த மறுநாள் மாலைகளும் நெகிழிப் பைகளும் தண்ணீர்ப் போத்தல்களும் ஓடையில் மிதப்பது அம்மனுக்கு உகந்ததாகாது. அன்னதானத்துக்கு வாழை இலையும் கழுவிப் பயன்படுத்தும் தட்டும் திரும்ப வேண்டும். எவரெஸ்டில் ஏறுவோர் ஒவ்வொருவரும் 8 கிலோ கழிவைக் கீழே கொண்டுவர வேண்டும் என்று நேபாள அரசு 2014ஆம் ஆண்டில் விதித்தது. பனிமலையில் சுமக்கச் சொன்னதை, பால்குடம் எடுக்கும் பக்தர்கள் சாலையோரத்தில் செய்ய இயலாதா? உபயக்காரர்கள் வாணவேடிக்கைக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியை ஆலய வளாகத்துச் சரிவில் மரம் நடவும், நட்ட மரத்தைப் பேணவும் ஒதுக்கலாம். சட்டத்துக்குப் புறம்பாக மலை வெட்டப்படுவதைக் கண்டால், அதை உரிய அதிகாரிகளின் கவனத்துக்கு எழுத்து மூலம் கொண்டு செல்லும் துணிவும் நிர்வாகங்களுக்கு வேண்டும்.

மற்றொன்றும் செய்யத்தக்கது. இமயத்திலிருந்து பிழைப்பு நாடி வந்த நேபாளத் தொழிலாளர்கள் மலேசியாவின் பல ஊர்களில் உழைக்கின்றனர். நூறாண்டுக்கு முன் தமிழர் குடும்பத்தைப் பிரிந்து வந்ததைப் போலவே அவர்களும் வந்துள்ளனர். நவராத்திரி நாள்களில் அவர்களை ஆலயத்துக்கு அழைத்து, முளைப்பாரிக்குப் பக்கத்தில் அவர்களின் தசைன் முளைக்கும் ஓர் இடம் தருவது பெரிய செலவில்லாத பெரிய அறம். காத்மாண்டு வரை சென்று தேடும் புண்ணியம் ஆலய வாசலிலேயே நிற்பதை அன்று காணலாம்.

கயிலையைக் கண்டே தீர்வேன் என்று புறப்பட்ட அப்பரடிகள், கால் தேய்ந்து, கை தேய்ந்து, உடல் தேய்ந்து வீழ்ந்தபோது, இறைவன் அவரைக் கயிலைக்குத் தூக்கிச் செல்லவில்லை. குளத்தில் மூழ்கச் சொன்னான்; அவர் எழுந்தது திருவையாற்றில். அங்கேயே கயிலைக் காட்சி கிடைத்தது. ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் இன்றும் அது விழாவாகக் கொண்டாடப்படுகிறது. சொந்த மண்ணில் கயிலையைக் காணும் கண் எவருக்கு வாய்க்கிறதோ, அவர் மலையை வெட்டத் துணியார். ஓடையை அழுக்காக்கவும் துணியார். ரிங்லெட் மலைச்சரிவெங்கும் அந்தக் கண் திறப்பதற்கு அம்மையப்பன் திருவருள் துணை நிற்பதாக!